அஞ்சு பேர் இருந்தாத்தான் பிரிக்கலாம்

அந்தத் துண்டு என்னுதுங்க சார். ஜன்னல் வழியாப் போட்டேன் பாருங்க, அதான். பரவால்ல, எந்திரிக்காதீங்க, ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க. எனக்கு இந்தப் பக்கம் போதும். துண்டு போட்டா எடம் நம்மளுது, அந்த மரியாதை நம்ம ஜில்லாவுல இன்னும் இருக்குது. இன்னிக்கு நான் ரெண்டு எடத்துல துண்டு போட்டிருக்கறேன் சார். ஒண்ணு இங்க. இன்னொண்ணு நரிக்கல் கொட்டாய்ல, போராட்டப் பந்தல்ல, என் நாற்காலி மேல. நான் திரும்பிப் போற வரைக்கும் எனக்குப் பதிலா அந்தத் துண்டு போராடிக்கிட்டு இருக்கும்.

அந்தக் கட்டு மேல மட்டும் கால் படாமப் பாத்துக்கங்க. கட்சிக் கொடிங்க. மேல வைக்கலாம்னா கண்டக்டர் பலாப்பழத்த ஏத்தி வெச்சிருக்கறாரு.

என் பேரு திம்மராயன். நரிக்கல் கொட்டாய் ஷூ கம்பெனி எதிர்ப்புக் குழுவோட தலைவர். நீங்க பேப்பர்ல பாத்திருப்பீங்க. பாக்கலையா? சரி, ஆறாம் பக்கத்துல போட்டிருந்தாங்க, அத யாரு பாக்கறா. இன்னிக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தாறாவது நாள். சிரிக்காதீங்க. வர்ற வெள்ளிக்கிழமை ரெண்டாயிரம். மந்திரி வர்றாரு.

அப்ப நாங்க எதிர்க்கட்சி. மாவட்டச் செயலாளர நாங்க மாவட்டம்னுதான் கூப்புடுவோம். மாவட்டம் ஒருநாள் போன் பண்ணாரு. 'திம்மராயா, உன் ஊர்ல ஒரு கம்பெனி வருது. விடாத'ன்னாரு. 'என்ன கம்பெனிங்கண்ணா?'ன்னேன். 'அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம், மொதல்ல பந்தலப் போடு'ன்னாரு. போட்டேன். மூணாவது நாள்தான் அது ஷூ தைக்கற கம்பெனின்னே எங்களுக்குத் தெரியும். அது வரைக்கும் பொதுவா எதிர்த்துக்கிட்டு இருந்தோம்.

பேனரு ஏற்கனவே எங்ககிட்ட இருந்துச்சு. முன்னாடி ஒரு பால் பவுடர் கம்பெனிய வெரட்டினோம் பாருங்க, அதுக்கு அடிச்சது. நல்ல துணி, எதுக்கு வீணாக்கணும்? பால் பவுடர்ங்கற எடத்துல பேப்பர ஒட்டி ஷூன்னு எழுதினோம். மழை பேஞ்சா பேப்பரு ஊறிப் பால் பவுடர் வெளிய வந்துரும். ஆனா பாருங்க, பால் பவுடரும் திரும்பி வரல, ஷூவும் வரல. அந்த பேனருக்கு ஒரு ராசி.

நான் அன்னிக்குப் பேசின பேச்ச நீங்க கேட்டிருக்கணும். 'முப்போகம் வெளையற மண்ணு இது. இன்னிக்கு ஷூன்னு வருவான், நாளைக்கு சாக்ஸுன்னு வருவான், விடலாமா?'ன்னு கேட்டேன். ஜனங்க கை தட்டி அடங்கவே அஞ்சு நிமிஷம் ஆச்சு. அதே கையோட தாலுகா ஆபீஸுக்குப் போய் ரெண்டு மனு குடுத்தோம். ஒண்ணு, முப்போகம் வெளையற நெலத்துல கம்பெனி கட்டக் கூடாதுன்னு. இன்னொண்ணு, அதே சர்வே நம்பர்ல எட்டு வருஷமா ஒண்ணும் வெளையல, வறட்சி நிவாரணம் குடுங்கன்னு. தாசில்தாரம்மா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்துட்டு, 'இதுல எது நெசம்?'னு கேட்டாங்க. 'ரெண்டும் நெசந்தாங்கம்மா, ஒண்ணு உணர்வு, ஒண்ணு கஷ்டம்'னேன். அந்தம்மா பேனாவ மூடி வெச்சுட்டாங்க.

உண்மையச் சொல்லணும்னா அங்க கொள்ளு மட்டும் வரும். அதுவும் அதுக்குத் தோணுனா.

போராட்டம்னா கூட்டம் கூடிக் கத்திட்டுக் கலையறது இல்லீங்க சார். எனக்கு அந்தப் பழக்கம் கெடையாது. ஒழுங்கு வேணும். மூணு ஷிப்ட் போட்டேன். காலைல ஆறுல இருந்து ரெண்டு, ரெண்டுல இருந்து பத்து, பத்துல இருந்து ஆறு. புளியமரத்துல ஒரு தண்டவாளத் துண்டக் கட்டித் தொங்கவிட்டு மணி அடிக்க வெச்சேன். பத்து நிமிஷம் லேட்டா வந்தா அரை நாள் ஆப்சென்ட். பத்தரைக்கு டீ, கால் மணி நேரம். ஷிப்ட் முடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சா வெளக்கம் எழுதிக் குடுக்கணும். வருஷத்துக்குப் பன்னெண்டு நாள் லீவு, அதுக்கும் லெட்டரு வேணும். ஒருத்தன் வந்து மாடு கன்னு போடுது, லீவு வேணும்ங்கறான். 'பிரசவம் மாட்டுக்குத்தான, உனக்கு என்ன?'ன்னு உக்கார வெச்சுட்டேன். எந்தக் கம்பெனிலயாச்சும் இப்பிடி ஒழுங்கு இருக்குமா, சொல்லுங்க.

ரிஜிஸ்டர் எழுதினது என் பொண்ணு. வெற்றிமங்கை. நான் வெச்ச பேரு இல்லீங்க, கட்சிக் கூட்டத்துல தலைவர் கையில குடுத்து வெச்ச பேரு. பி.காம் முடிச்சுட்டு வேலை இல்லாம வீட்டுலதான் இருந்துச்சு. மூணு ஷிப்ட்டுக்கும் கோடு போட்டு, பேரு, கையெழுத்து, வந்த நேரம், போன நேரம், எல்லாம் அச்சடிச்ச மாதிரி எழுதும். 'அப்பா, கம்பெனி வந்தா எனக்கும் அதுல வேலை கெடைக்கும்ல?'ன்னு ஒருக்கா கேட்டுச்சு. 'இங்க உனக்கு என்ன கொறச்சல், ரிஜிஸ்டரே உன் கையிலதான இருக்குது'ன்னேன். அதுக்கப்பறம் கேக்கல.

நானூத்திப் பன்னெண்டாவது நாள், கம்பெனிக்காரன் நேராப் பந்தலுக்கே வந்துட்டான். ஒல்லியா, கண்ணாடி போட்ட ஆளு. 'ஐயா, நாங்க பக்கத்து ஸ்டேட்டுக்குப் போறோம். அங்க எடம் குடுத்துட்டாங்க'ன்னான். பட்டாசு வெடிச்சோம். அந்தாளு மட்டும் போகாம நின்னுக்கிட்டு ரிஜிஸ்டரப் பொரட்டிப் பொரட்டிப் பாக்கறான். அரை மணி நேரம் பாத்தான் சார்! 'பதிமூணு மாசத்துல மூணே ஆப்சென்ட்டா? நைட் ஷிப்ட்ல கூடவா?'ன்னு கேட்டான். 'நரிக்கல் கொட்டாய்க்காரன்னா சும்மாவா'ன்னேன். யாரு எழுதினதுன்னு கேட்டுக்கிட்டு, ஒவ்வொரு பக்கமா போட்டோ புடிச்சுக்கிட்டுப் போனான். எப்பிடித் தோத்தோம்னு அவங்க ஆபீஸ்ல போய்க் காட்டணும்ல? அவன் மொகத்துல இருந்த ஆச்சரியத்த நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்.

அதோட ஏன் நிறுத்தலன்னு கேக்கறீங்களா? நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லலீங்களே. வெற்றிக் கூட்டத்துல கட்சித் தலைவர் 'போராட்டம் தொடரும்'னு பேசி முடிச்சாரு. மைக்குல சொன்னது. அத மைக்குலதான வந்து மாத்தணும்? நான் மாவட்டத்துக்கு மூணு தடவ போன் பண்ணிக் கேட்டேன். 'கல்யாண வீட்டுல இருக்கறேன் திம்மராயா, அப்பறம் பேசறேன்'னாரு. அவருக்கு எப்பவும் ஒரு கல்யாணம் இருக்கும்.

ஒரு வருஷம் கழிச்சுப் பசங்க ஒவ்வொருத்தனா வந்தாங்க. 'தலைவரே, போராட்டத்துல உக்காந்ததுக்கு ஒரு சர்டிபிகேட் வேணும்'னாங்க. நாளைக்கு நம்ம ஆட்சி வந்தா தியாகிங்களுக்கு ஏதாச்சும் செய்வாங்க, அதுக்குக் கேக்கறாங்கன்னு நெனச்சேன். மனசு நெறஞ்சு எழுதிக் குடுத்தேன் சார். எனக்கு இன்னும் மனப்பாடமா இருக்குது. 'இவர் நானூற்றிப் பன்னிரண்டு நாட்கள், மூன்று ஷிப்ட்டுகளிலும், ஒரே இடத்தில் அமர்ந்து, மேலிடத்து உத்தரவுக்குக் கட்டுப்பட்டு, காரணம் கேட்காமல் உழைத்தவர். நேரம் தவறாதவர்.' கீழ குழுவோட சீலு. எம்பத்து மூணு பேருக்குக் குடுத்தேன்.

எம்பத்து மூணு பேரையும் அந்தக் கம்பெனி எடுத்துக்கிச்சு.

அங்க இருக்கற உள்ளூர்ப் பசங்க எட்டு மணி நேரம் ஒரே எடத்துல உக்கார மாட்டேங்கறாங்களாம். நம்மாளுங்க அசைய மாட்டாங்க. நான் பழக்கினது சார்! இன்னிக்கு அந்தக் கம்பெனில மூணு லைன் ஓடுதுன்னா அது என் பந்தல்ல பழகினவங்களால ஓடுது. இத நான் பெருமைக்குச் சொல்லல. துரோகம்னுதான் சொல்றேன். ஆனா பெருமையாவும் இருக்குதே, என்ன பண்றது?

என் பொண்ணு கடைசியாத்தான் போச்சு. மாதேஷுன்னு ஒரு பையன், மத்தியான ஷிப்ட்ல உக்காருவான், நல்ல பையன், ஒரு நாள் லேட்டா வந்ததில்ல. அவனக் கட்டிக்கிச்சு. என்னால பந்தல விட்டு வர முடியாது, அதனால கல்யாணத்தப் பந்தலுக்கே வரச் சொல்லிட்டேன். முகூர்த்தம் காலை ஷிப்ட்ல வந்துச்சு. தாலி கட்டின ஒடனே ரெண்டு பேருக்கும் ரிஜிஸ்டர்ல அரை நாள் லீவு போட்டேன். விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான.

மத்தியானம் ஒண்ணு நாப்பதுக்குப் பஸ்ஸு. பந்தல்ல இருந்து ஸ்டாப்பு கூப்புடற தூரம். 'அப்பா, வந்து ஏத்தி விடுங்க'ன்னுச்சு. ஷிப்ட் முடிய இருபது நிமிஷம் இருந்துச்சு சார். 'இரு, மணி அடிக்கட்டும்'னேன். பஸ்காரன் நிக்கல. மஞ்சப் பையப் புடிச்சுக்கிட்டு அது திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே ஏறுச்சு. நான் நாற்காலில உக்காந்துக்கிட்டே கை காட்டினேன்.

அந்த இருபது நிமிஷம் எனக்கு இன்னும் நெஞ்சுல உறுத்துது. பொய் சொல்லக் கூடாது.

இப்ப பேத்தி பொறந்து எட்டு மாசம் ஆச்சு. நான் இன்னும் பாக்கல. பிரசவத்துக்குன்னு போன என் வீட்டுக்காரி சென்னம்மாவும் திரும்பி வரல. கேட்டா, 'அங்க வந்து யாருக்குக் களி கிண்டறது, உங்க பேனருக்கா?'ங்கறா. ஊர்ல பந்தலுக்கு வர்றது இப்ப மூணு பேரு. நான், ஆடு மேய்க்கற பச்சியப்பன், அப்பறம் வெயிலுக்கு ஒதுங்கற கோவிந்தம்மா. மூணு ஷிப்ட்டும் நானே உக்காந்துக்கறேன். மணியும் நானே அடிச்சுக்கறேன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். ஆட்சி மாறிப்போச்சு, நாங்க ஆளுங்கட்சி. மாவட்டம் அவராவே போன் பண்ணாரு. 'திம்மராயா, வெள்ளிக்கிழமை தொழில் மந்திரி உன் ஊருக்கு வர்றாரு. கம்பெனிக்கு அடிக்கல் நாட்டறோம்'னாரு. 'எந்தக் கம்பெனிங்கண்ணா?'ன்னேன். 'மொதல்ல கல்லப் போடுவோம், கம்பெனி அப்பறம் வரும்'னாரு. எங்கன்னு கேட்டா, நம்ம பந்தல் இருக்கற அதே எடம். எதிர்ப்பு என்னாகறதுன்னு கேட்டதுக்கு, 'பேனர மட்டும் கழட்டிடு, பந்தல் இருக்கட்டும், நெழலு வேணும்ல'ன்னாரு.

நீங்க சிரிக்கறீங்க. நான் அத அழகா அட்டவணை போட்டுட்டேன் சார். ரெண்டாயிரமாவது நாளையும் விடக் கூடாது, மந்திரியையும் விடக் கூடாது. காலை ஆறுல இருந்து ஒம்போது வரைக்கும் எதிர்ப்பு. ஒம்போதுல இருந்து பத்தரை வரைக்கும் டீ. பத்தரைக்கு வரவேற்பு. நாற்காலியத் திருப்பிப் போட்டாப் போதும்.

ஒரே ஒரு சிக்கல். மாவட்டம் சொன்னாரு, 'வேலையில்லாத எளைஞருங்க நூறு பேரு முன் வரிசைல உக்காரணும், மந்திரி அவங்களப் பாத்துத்தான் பேசுவாரு'ன்னு. நூறு பேருக்கு நான் எங்க போறது? ஊர்ல எளைஞன்னா பச்சியப்பன்தான், அவனுக்கு அம்பத்தெட்டு. இருந்த எம்பத்து மூணும் அங்க வேலையில இருக்குது. அதனால அந்தக் கம்பெனிக்கே லெட்டர் போட்டேன். 'எங்கள் ஊரைச் சேர்ந்த வேலையில்லாத இளைஞர்கள் எண்பத்து மூன்று பேர் தங்களிடம் வேலை செய்கிறார்கள். வெள்ளிக்கிழமை அவர்களுக்கு லீவு கொடுத்து அனுப்பி வைக்கவும். காலை ஒன்பது மணி வரை தங்களை எதிர்ப்பார்கள், அதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.' மரியாதையாத்தான் எழுதினேன்.

பதினோரு நாளைக்கு முன்னாடி பதிலு வந்துடுச்சு. இதோ, இந்தக் கவரு.

இல்லீங்க, இன்னும் பிரிக்கல.

பிரிக்கக் கூடாதுங்க சார். எங்க குழுவோட விதி, எட்டாவது விதி. குழுவுக்கு வர்ற கவர அஞ்சு உறுப்பினர் முன்னாடிதான் பிரிக்கணும். எனக்கு முன்னாடி பெரியண்ணன்னு ஒருத்தன் தலைவரா இருந்தான். பால் பவுடர் காலத்துல அவனுக்கு ஒரு கவரு வந்துச்சு. தனியா வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரிச்சான். மறுநாள் ஜல்லி கான்ட்ராக்ட் அவனுக்கு. அதுக்கப்பறந்தான் நான் இந்த விதிய எழுதினேன். நானே எழுதிட்டு நானே மீறினா நாளைக்கு எவன் மதிப்பான்? ஆளு மூணுதான் இருக்குது, அஞ்சு இல்ல. என் பொண்ணு தெனமும் போன் பண்ணி, 'அப்பா, கவரப் பிரிச்சீங்களா?'ன்னு மட்டும் கேக்குது. 'ரெண்டு பேரு கொறையுதும்மா'ங்கறேன். வெச்சுருது.

சரி, லீவு குடுத்திருப்பாங்க, நாமளே நேராப் போய்க் கூட்டிக்கிட்டு வந்துரலாம்னு கெளம்பிட்டேன். கொடி எம்பத்து மூணு எடுத்து வெச்சிருக்கறேன். அவங்க கெடைச்சா மிச்சம் பதினேழு பேர எங்கயாச்சும் புடிச்சுக்கலாம். சார், நீங்க வேலைக்குப் போறீங்களா? போறீங்களா. பரவால்ல.

ஆமா, நீங்க சொல்றதும் சரிதான். இங்கயே எண்ணிப் பாக்கலாம். நான் ஒண்ணு. நீங்க ரெண்டு. ஏம்மா, கூடைக்காரம்மா, கொஞ்சம் இப்பிடித் திரும்புங்க. உங்களுக்கு ஷூ கம்பெனி மேல ஏதாச்சும் எதிர்ப்பு இருக்குதா? இல்லையா? பரவால்ல, இருக்குதுன்னு வெச்சுக்கலாம், மூணு. பின்னாடி சீட்டு ஐயா ஒருத்தரு, தூங்கறாரு, தூங்கினாலும் ஆஜர்தான், எங்க நைட் ஷிப்ட்ல பாதிப் பேரு அப்பிடித்தான். நாலு. கண்டக்டரு! ஒரு நிமிஷம் இங்க வாங்க. டிக்கெட்டு எடுத்துட்டேங்க, இது வேற. ஒரு கவரு பிரிக்கணும், சும்மா நில்லுங்க. ஒரே ஒரு நிமிஷம். அஞ்சு.

இதுல கையெழுத்துப் போடுங்க சார். ரிஜிஸ்டர் கூடவே வெச்சிருக்கறேன். நீங்களே பிரிச்சுப் படிங்க, என் கண்ணாடி பந்தல்ல துண்டு மேல இருக்குது. சத்தமாப் படிங்க, எல்லா உறுப்பினருக்கும் கேக்கணும்.

என்ன சொன்னீங்க? மறுபடி படிங்க.

'வேலையில்லாத எவரும் எங்கள் பட்டியலில் இல்லை. எனவே அனுப்ப இயலாமைக்கு வருந்துகிறோம்.' இதென்ன சார் பதிலு? எம்பத்து மூணு பேர்ல ஒருத்தன் கூடவா இல்ல? கண்டக்டரு, இருங்க, போகாதீங்க, நீங்க போனா நாலு ஆயிரும். மேல படிங்க.

எனக்கா? நல்லாப் பாருங்க, மாதேஷுக்கா இருக்கும். என் பேருதானா?

'தாங்கள் தொடர்ந்து மூன்று ஷிப்ட்டுகளிலும் பணியில் இருந்ததை எங்கள் டைம் ஆபீஸ் சரிபார்த்துள்ளது. மெயின் கேட் காவலர் பணிக்குத் தங்களைத் தேர்வு செய்திருக்கிறோம்.' கேட்டுலயா. உக்காந்து பாத்துக்கற வேலையா. கீழ யாரு கையெழுத்து? தி. வெற்றிமங்கை, டைம் ஆபீஸ். என் பொண்ணு சார். பாருங்கம்மா, என் பொண்ணுதான். கையெழுத்தப் பாருங்க, அச்சடிச்ச மாதிரி இல்ல?

அதுக்குக் கீழ பேனாவுல என்னமோ எழுதியிருக்குதே. அதையும் படிச்சுருங்க.

'அப்பா, உங்க விதிப்படி வருஷத்துக்குப் பன்னெண்டு நாள் லீவு. நீங்க ஒரு நாள்கூட எடுக்கல. நான் எண்ணிப் பாத்தேன், அறுபத்தஞ்சு நாள் சேந்திருக்குது. அத எடுத்துக்கிட்டு மொதல்ல பாப்பாவப் பாருங்க, அப்பறம் வேலைல சேரலாம். எந்தப் பஸ்ஸுன்னு சொல்லுங்க, எனக்கு எந்த ஷிப்ட்டா இருந்தாலும் ஸ்டாப்புல வந்து நிக்கறேன்.'

கவர இப்பிடிக் குடுங்க சார்.

ஒண்ணுமில்ல, கண்ணுல தூசி. ஜன்னல மூடாதீங்க, காத்து வரட்டும். பதினோரு நாளா பையிலயே வெச்சிருந்திருக்கறேன் சார். எட்டாவது விதி. நல்ல விதிதான், யாரும் தப்புச் சொல்ல முடியாது. ஆனாலும் பதினோரு நாளு.

இருங்க, போன் அடிக்குது. மாவட்டம்தான். சொல்லுங்கண்ணா. ஆமாங்கண்ணா, பஸ்ஸுல இருக்கறேன். நூறு பேருங்களா? இல்லீங்கண்ணா. தேடிப் பாத்துட்டேன், ஒருத்தனும் கெடைக்கல. நீங்க மந்திரிகிட்ட தைரியமாச் சொல்லலாம், நரிக்கல் கொட்டாய்ல வேலையில்லாத் திண்டாட்டமே கெடையாது. ஆளே கெடையாதுங்கண்ணா, அப்பறம் எங்க திண்டாட்டம்? யாரு, நானா? நான் லீவுங்கண்ணா. அறுபத்தஞ்சு நாள். ரிஜிஸ்டர்ல இருக்குது. போராட்டம் நடக்கும், துண்டு போட்டுட்டுத்தான் வந்திருக்கறேன். அலோ? அலோ? வெச்சுட்டாரு. கல்யாண வீடா இருக்கும்.

அந்தக் கொடிக் கட்டு உங்க காலுக்கு எடஞ்சலா இருக்குதா சார்? சீட்டுக்கு அடியில தள்ளிருங்க. பரவால்ல, கால நீட்டிக்கங்க.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். நாளைக்கு அந்தக் கம்பெனி கேட்டு முன்னாடி எவனாச்சும் பந்தலப் போட்டு உக்காந்தான்னு வைங்க. நான் காவக்காரன், உள்ள நிக்கணும். சரி. ஆனா அவங்க நேரத்துக்கு வர்றாங்களா, ஒழுங்கா உக்கார்றாங்களான்னு யாரு பாத்துக்கறது? நான் போய் ஒரு ரிஜிஸ்டர் போட்டுக் குடுத்துட்டு வரலாமா, அது தப்பாயிருமா? நீங்க படிச்சவங்க, யோசிச்சுச் சொல்லுங்க.

அது கெடக்கட்டும். கண்டக்டரு, ஷூ கம்பெனி ஸ்டாப்பு வர்றதுக்கு இருபது நிமிஷம் முன்னாடியே சொல்லிருங்க. நான் கதவுகிட்டப் போய் நின்னுக்கணும்.